ஒத்தணம் என்றால் சூடுதான்

என் மனைவி என்னுடைய இரண்டு முழங்கால்களையும் சிவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்ற விஷயம், பத்திரம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நாகர்கோவிலில் இருந்து தோவாளைக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பிச்சிப்பூ விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“சிவராத்திரிக்கு நீங்க பன்னிரண்டும் ஓடுவியன்னு நேர்ந்திருக்கேன், கேட்டியளா.”

பன்னிரண்டு என்றால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்கள். சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகல் கிளம்பி, காவி வேட்டியும் கையில் ஒரு பனையோலை விசிறியுமாக, “கோவிந்தா கோபாலா” என்று கத்திக்கொண்டு, வெறுங்காலோடு ஒவ்வொன்றாக ஓடவேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். சிவனைப் பார்க்க ஓடுகிறவன் ஏன் பெருமாள் பேரைச் சொல்லிக் கத்துகிறான் என்று கேட்டால் அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எனக்குக் கதை முக்கியமில்லை, கிலோமீட்டர்தான் முக்கியம். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. அரசு அலுவலகத்தில் எழுத்தர். மாடிப்படி ஏறும்போது முதல் திருப்பத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பழைய சுற்றறிக்கையைப் படிப்பதுபோல் மூச்சு வாங்குகிறவன்.

நேர்ச்சையில் நம் ஆட்களுக்கு இது ஒரு வசதி. வாய் ஒருத்தருடையது, உடம்பு இன்னொருத்தருடையது. அம்மா நேர்வாள், மொட்டை விழுவது பிள்ளைக்கு. சாமியும் ஒருநாள்கூட “அவன்கிட்ட கேட்டியா?” என்று கேட்டதில்லை.

ஆனாலும் அந்த பஸ்ஸில் நான் கோபப்படவில்லை. நாங்கள் வந்துகொண்டிருந்தது ஆஸ்பத்திரியில் இருந்து. இரண்டு வாரத்துக்கு முன்பு அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பாத்திரம்கூட வைக்கவில்லை. அன்று காலை டாக்டர் தாளைப் பார்த்து, கெட்டது ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் போதும் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. அந்த நேரத்தில் பன்னிரண்டு என்ன, நூற்றியெட்டு என்றாலும் தலையாட்டியிருப்பேன்.

“செரி, ஓடுதேன்” என்றேன்.

“ஓடாம நான் ஸ்கேனுக்கு வரமாட்டேன். நேர்ச்சைய வச்சுக்கிட்டு அந்த வாசல மிதிக்கமாட்டேன், சொல்லிட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்த நாள் சிவராத்திரி கழிந்து வரும் திங்கட்கிழமை. ஆக, அவளுக்கும் அந்த ஸ்கேன் மிஷினுக்கும் நடுவில் என் முழங்கால்கள் நின்றன.

விடியற்காலையில் ஓடிப் பழகினேன். தோவாளையில் அந்த நேரத்தில்தான் பூச்சந்தை களைகட்டும். சாக்குமூட்டையும் பஸ்ஸும் ஆட்டோவுமாக இருக்கும் இடத்தில், பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு தொந்தி குலுங்க ஒருவன் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? முதல்நாளே ஒரு பூக்காரர் மெனக்கெட்டு எழுந்து நின்று கேட்டார். “அண்ணாச்சி, எந்த பஸ்ஸ விட்டிய? கைகாட்டி நிறுத்தட்டா?” மறுநாள் அவரே, “இன்னைக்கும் விட்டாச்சா!” என்று வருத்தப்பட்டார்.

மூன்றாவது வாரம் வலது முட்டு வீங்கியது. முட்டு என்றால் எங்கள் பக்கம் முழங்கால். ஓடி முடித்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைப்போலச் சுட்டது.

என் மனைவி பிறவியிலேயே சூட்டுக் கட்சி. ராத்திரி தயிர் ஆகாது. ஃபேன் இரண்டுக்கு மேல் ஆகாது. மழையில் நனைந்தவனைவிடக் குளிர்ந்த தண்ணீர் குடித்தவன்தான் அவளுக்குப் பெரிய குற்றவாளி. என் முட்டைப் பார்த்ததும் கல்லுப்பை வறுத்துத் துணியில் கிழி கட்டினாள். நான் ஓடிவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கிழி தயாராக இருக்கும். வேர்வை அடங்கும் முன்னே வைத்து ஒற்றுவாள். நான் “எம்மோ!” என்று கத்துவேன். “சூடு தாங்குனாத்தான் நோவு போவும்” என்பாள். காலையில் ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம். முட்டு நாளுக்கு நாள் பெருத்தது. ஒரு கட்டத்தில் என் வலதுகால் மட்டும் என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிற வேறு யாருடைய காலோ என்று தோன்றியது.

கடைசியில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனோம். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், பேச்சு பாட்டுப் பாடுவதுபோல இருக்கும். வெளியே பெரிய கூட்டம். முட்டை அமுக்கிப் பார்த்தாள். “நல்ல நீரு உண்டு சார்” என்றாள். நீரு என்றால் அங்கே வீக்கம். “எலும்புக்கு ஒண்ணும் இல்ல. ஓடி முடிஞ்ச உடனே பதினஞ்சு நிமிசம் ஒத்தணம் வையுங்க. ஒரு நாளுகூட விடக்கூடாது.”

என் மனைவியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! “நான் அப்பவே சொன்னேன்லா” என்று கிளினிக் படி இறங்கும்வரை சொன்னாள். அன்று முதல் கிழி இரண்டாயிற்று. ஒன்று ஆறினால் மற்றது.

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். அந்தப் பெண் முட்டைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

“ஒத்தணம் வச்சியளா சார்?”

“வச்சோம்.”

“ஓடுன உடனேயா?”

“வேர்வைகூடத் தொடைக்க விடமாட்டா.”

“பொறவு எப்படி இவ்வளவு நீரு? தொலி வேற செவந்து கிடக்கே. ஐஸ நேரா வச்சியளோ? துணி சுத்தலியா?”

“ஐஸா?” என்றேன் நான்.

“ஐஸா?” என்றாள் என் மனைவி. அவள் கேட்டது, சாப்பாட்டில் விஷமா என்று கேட்பதுபோல இருந்தது.

அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “ஒத்தணம்னா ஐஸ் ஒத்தணமாக்கும் சார் நான் சொன்னது!”

எங்கள் ஊரில் காப்பி என்றால் சூடுதான். ஆறினது வேண்டுமென்றால்தான் தனியாகச் சொல்லவேண்டும். ஒத்தணமும் அப்படித்தான். அவளோ படிப்பு முடிந்த நாள் முதல் ஐஸை வைத்தே ஒத்தணம் கொடுத்துப் பழகியவள். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்சியும் பத்து நாள் ஒற்றுமையாக என் முட்டை வேகவைத்திருக்கிறோம். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஓடி முடித்து முட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது ஐஸ், துணி சுற்றி, பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வீக்கமில்லாமல் காலையில் எழுந்ததும் விறைப்பாக இருந்தால் மட்டும் இளஞ்சூடு. என் மனைவி அவ்வளவையும் கேட்டாள். வெளியே வந்து, “சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்” என்றாள். ஐஸ் வைத்தால் நரம்பு இழுத்துக்கொள்ளுமாம். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் துருவிய தேங்காயும் மாங்காய்த் துண்டும் மட்டும்தான் இருக்கும், ஐஸுக்கு இடம் கிடையாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவன் முட்டத்துக்காரன். கடற்கரைக் கத்தோலிக்கன், அண்ணன் தம்பி எல்லாம் மீன் வியாபாரம். நான் நொண்டுவதைப் பார்த்து விஷயம் கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணாச்சி, முட்டத்துக்காரன பக்கத்து சீட்டுல வச்சுக்கிட்டு முட்டுக்கு ஐஸ் இல்லன்னா எப்படி? எவ்வளவு வேணும், ஒரு லோடு போதுமா?”

மறுநாளில் இருந்து ஒரு தெர்மகோல் பெட்டியில் பொடித்த ஐஸ் வந்தது. காலையில் கொண்டு வருவது மாலைவரை தாங்கும். நானும் ஓட்டத்தை மாலைக்கு மாற்றினேன். அலுவலகம் விட்டதும் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஓடுவேன். ஓடி முடித்துக் கேலரிப் படியில் உட்கார்ந்து, துண்டில் ஐஸைப் பொதிந்து முட்டில் வைத்துக்கொள்வேன். அடாடா! அந்த முதல் நிமிடம் உயிர் போகும். ஐந்தாவது நிமிடத்தில் முட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். இரண்டு வாரத்தில் வீக்கம் பாதியானது. வீட்டில், “ஒன் ஒத்தணந்தான்” என்று சொல்லிவைத்தேன். அவளும் ராத்திரி கொஞ்சம் சூடு வைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். பொய்தான். ஆனால் இரண்டு பேருக்கும் நல்லதைச் செய்துகொண்டிருந்த பொய்.

சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு மாலை போட்டு விரதம் தொடங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி விபூதித் தட்டோடு வந்தவள் நின்றாள். மூக்கு இரண்டு தடவை அசைந்தது.

“என்னவோ நாறுது.”

“வேர்வையா இருக்கும்.”

“இது வேர்வை இல்ல. மீனு.”

எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அவள் பிறந்த வீட்டில் மீன்காரி சைக்கிள் மணி கேட்டாலே ஜன்னலைச் சாத்துவார்கள். வாயை ஊதச் சொன்னாள். ஊதினேன். போலீஸ்காரர்கள் இவளிடம் பயிற்சி எடுக்கலாம். வாயில் இல்லை. மூக்கைப் பிடித்தபடியே குனிந்து குனிந்து வந்து, என் வலது முட்டில் கண்டுபிடித்தாள். ஐஸில் குற்றமில்லை, அது சுத்தமானது. பெட்டிதான், பழையது உடைந்து அன்று மாற்றி வந்தது, முந்தின நாள்வரை சாளை மீன் படுத்திருந்த பெட்டி.

உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாலை போட்ட காலுல மீன் தண்ணி. நீங்க சாமிய நக்கல் பண்ணுவிய, எனக்குத் தெரியும். நான் ஒரு நாளாவது ஏதாவது சொல்லியிருக்கனா? ஆனா எனக்கு அந்தத் தேதி வருதுங்க. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. இதுல ஒரு குத்தம் வந்துட்டா…”

மாராப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் நான் முட்டைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன். டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொன்ன அன்றே எனக்கு அந்தக் கட்டி முடிந்துபோன விஷயம். அவளுக்கு முடியவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. போய்த் தலையோடு குளித்தேன், மாலையையும் கழுவினேன், இனி அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

“அப்போ காலு?” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஐஸ் இல்லாம நடக்காதுட்டி. உள்ளத உள்ளபடி சொல்லுதேன்.”

 அவள் எழுந்துபோய் ஃப்ரீசரில் இருந்த தேங்காயை எடுத்து வெளியே வைத்தாள். அவளே குளித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை விபூதி போட்டு, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி உள்ளே வைத்தாள். மறுநாள் டம்ளரைத் தட்டிக் கவிழ்த்தாள். தட்டில் ஒன்று வந்து நின்றது. அசல் லிங்கம். உச்சி உருண்டு, விபூதி பூசி, பளபளவென்று.

“சாமியத் தூக்கி காலுல வைக்கவா?” என்று பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது உருகும்வரை பூஜை அறையில்தான் இருந்தது. எனக்கு அன்று ஐஸ் கிடையாது. அடுத்த நாள் யோசித்து டிபன்பாக்ஸ் மூடியில் ஊற்றி வைத்தாள். அப்பம்போலத் தட்டையாக வந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றித் தன் கையாலேயே என் முட்டில் வைத்தாள். வைத்துவிட்டு என்னைவிட அவள்தான் நடுங்கினாள்.

ஓட்டத்துக்கு முட்டத்துக்காரன் தன் காரைக் கொண்டுவந்தான். மீன் வாடை பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் இரண்டு முறை கழுவி, முன்கண்ணாடியில் தோவாளைப் பிச்சிச்சரம் வேறு தொங்கவிட்டிருந்தான். “மைனி, மோந்து பாருங்க, பொறவு ஏறுங்க” என்றான். என் மனைவி மோந்துவிட்டுத்தான் ஏறினாள். நான் கீழே ஓட, அவர்கள் காரில் கோயிலுக்குக் கோயில் போய் நிற்பதாக ஏற்பாடு.

ஓட்டம் என்று பெயர், என் விஷயத்தில் பாதிக்கு மேல் நடைதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈரத்துணியோடுதான் உள்ளே போகவேண்டும். ஓடிச் சூடான முட்டு இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறது. அடுத்த கோயிலில் மறுபடி. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாராக இருந்தாலும், அந்த மார்த்தாண்டத்துப் பெண்ணின் கட்சி. நான் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் தண்ணீரில் நின்றேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து ஒருவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ராத்திரி முழுக்கத் தாங்கியது. பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கும் கல்குளம் கோயில் ஏழாவது. அங்கே பெரிய குளத்தில் நின்றபோது, முடித்துவிடுவேன் என்று முதல்தடவையாக நம்பினேன்.

பத்தாவது திருவிதாங்கோடு. கும்பிட்டு வெளியே வந்தால் பிற்பகல் வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது. நூறு அடி போயிருப்பேன். முட்டு மடங்கியது, நிமிரவில்லை. ரோட்டோரம் ஒரு கடைப் படியில் விழுந்தேன். பின்னால் வந்தவர்கள் “கோவிந்தா!” என்று கத்தியபடி என்னைத் தாண்டிப் போனார்கள். கார் வந்து நின்றது. முட்டத்துக்காரன் கூல்பாரில் ஐஸ் வாங்க ஓடினான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்னும் இரண்டே கோயில். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கு இல்லை. திங்கட்கிழமை இவளை எப்படிக் கூட்டிக்கொண்டு போவேன் என்று.

“மன்னிச்சுக்கோட்டி” என்றேன். “தவழ்ந்தாவது போயிருதேன். கொஞ்சம் பொறு.”

அவள் காரைவிட்டு இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் காருக்குள் வைத்தாள். என் கையில் இருந்த விசிறியை வாங்கிக்கொண்டாள்.

“பாக்கி ரெண்டும் நான் போறேன்.”

“நீ எப்படிப் போவ? நேர்ந்தது என் காலுக்குல்லா?”

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் நேர்ந்தது அப்படி இல்ல. ‘நான் ஓடுதேன், நான் இல்லாமப் போனா அவரு ஓடுவாரு’ன்னு நேர்ந்தேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “நீ இருக்கியேட்டி.”

“டாக்டரு சொன்னாரு. தாளுலயும் போட்டிருந்தது. எனக்குத்தான் நம்பிக்கை வரல. எதுக்கும் இருக்கட்டும்னு ஒங்களப் பழகச் சொன்னேன். இன்னைக்கும் நம்பத் தைரியம் இல்லாம ஒங்களையே ஓட விட்டேன்.”

ஆறு மாதம். உப்பு வறுத்தது, கிழி கட்டியது, லிங்கத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது, எல்லாம் தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு செய்திருக்கிறாள். பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட எனக்குத் தெரியாது. கையை நீட்டினேன். அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள். சந்தைக்குப் போவதற்கே ஆட்டோ கேட்கிறவள். முதலில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்துவிட்டு, ஓட ஆரம்பித்தாள்.

நாங்கள் காரில் அவள் பின்னாலேயே ஊர்ந்தோம். நான் முட்டில் ஐஸை வைத்தபடி ஜன்னலில் தலையை நீட்டி, “பைய ஓடு, பைய!” என்று கத்திக்கொண்டே போனேன். ஒருதரம் திரும்பி, “சும்மா இருங்க, மானம் போவுது” என்றாள்.

திருநட்டாலத்தில் கும்பிட்டு, தலை சொட்டச் சொட்ட வந்து காரில் ஏறினாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தது. முட்டத்துக்காரன் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“திங்கக்கிழம எத்தன மணிக்கு எழுதியிருக்கான்?” என்று என்னிடம் கேட்டாள்.

“பத்தரைக்கு.”

“எட்டு மணி பஸ்ஸுக்கே போயிருவோம். அங்க லைன் நிக்கும்.” தலையைத் துவட்டினாள். “அடுத்த வருசத்துக்கு ஒங்க பேருல ஒண்ணும் நேரல, பயப்படாதீங்க.”

“ஏன், நான் ஓடுனது பிடிக்கலியா?”

“அதுக்கில்ல. அடுத்த வருசம் நான் இருப்பேன்லா.”